நாலுமணிக்காரர்

குடிநீர் வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலுமணி என்பார்கள். நேரில் நாலுமணி சார். விடிகாலை நாலு மணிக்கு எழுபவர் என்று பொருள். பெயர் வைத்தவர் வரைபடப் பிரிவுக்காரர். அவர் என்ன எண்ணத்தில் வைத்தாரோ, இவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

இருபத்திரண்டு வயதில் எழுத்தராகச் சேர்ந்தவர். ஆறாம் வருடம் பதிவறைக்கு மாற்றினார்கள். பதிவறை தரைத்தளத்தில், ஜன்னல் திறக்காத நீள அறை. எந்த வீட்டுக்கு எந்த வருடம் இணைப்பு கொடுத்தார்கள், எத்தனை அங்குலக் குழாய், எந்த வால்வு எந்தத் தெருமுனையில் புதைந்திருக்கிறது, யார் தோண்டினார்கள், யார் மூட மறந்தார்கள், எல்லாம் அங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. ஒரு கோப்பு வேண்டுமென்றால் எடுத்து மேஜை விளிம்பில் நாலு தட்டுத் தட்ட வேண்டும். தூசி போன பிறகுதான் எண் தெரியும். தூசி எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. பாதி அவருக்குள் போயிற்று.

பதிவறைக்கு வந்த இரண்டாம் வருடத்திலிருந்து தூக்கம் மூன்று மணியைத் தாண்டவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கும். விழித்து எழுந்து உட்கார்ந்தால், மூச்சை வெளியே விடும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு விசில் வரும். ஜன்னலோர நாற்காலியில், முழங்கால்களில் கையூன்றி, முன்னால் குனிந்து ஒரு மணி நேரம் இருப்பார். நாலு மணிவாக்கில் கொஞ்சம் தேறும். திரும்பப் படுக்கப் பயம். குளித்துவிடுவார். குளித்த மனிதன் சட்டை போடுவான். சட்டை போட்டவன் வீட்டில் சும்மா எத்தனை நேரம் இருப்பான்? அலுவலகத்துக்குப் போனார்.

முதல் சில மாதம் கேட்டின் முன்னால் நின்று காவலாளியை எழுப்பினார். காவலாளி பொறுமையான ஆள்தான். ஒருநாள் கண்ணைத் திறக்காமலேயே சாவியை நீட்டி, "சார், நீங்களே வச்சுக்கங்க. எனக்கு விடுதலை குடுங்க" என்றான். அலுவலகத்தின் பிரதான சாவி அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. நிர்வாகம் தன்னை நம்பி ஒப்படைத்ததாக அவர் பிற்பாடு சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி நிர்வாகமும் அதை நம்பியது.

தூக்கத்திலிருந்து துரத்தப்பட்டவர், தூக்கத்தைத் துறந்தவர் என்று ஆனது இப்படித்தான். ஒன்பதரைக்கு மற்றவர்கள் வரும்போது அவர் மேஜை காலியாக இருக்கும். அதிகாரிகள் மாறிமாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் அவரைக் காட்டி மற்றவர்களைத் திட்டினார்கள். வருடாவருடம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நடக்கும் பயிற்சியில் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. தலைப்பு 'அதிகாலையும் ஆளுமையும்'. அதையே இருபத்துநாலு பக்கத்தில் சிறு நூலாகவும் அச்சடித்தார். 'தூக்கம் உடம்பு கேட்பதல்ல, மனம் கெஞ்சுவது' என்பது முதல் வரி. ஓய்வு பெறுகிறவர்களுக்கு அதைத்தான் பரிசாகக் கொடுப்பார்.

"ரிட்டயர் ஆனவன் நாலு மணிக்கு எழுந்து என்ன சார் பண்றது?" என்று வரைபடக்காரர் கேட்டார்.

"வாழலாம்."

"ஆறு மணிக்கு மேல வாழ விடமாட்டாங்களா?"

நூலில் எல்லாம் இருந்தது. மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் அவர் படுப்பது மட்டும் அதில் இல்லை. அந்தத் தலையணைகளை அடுக்கும் மனைவியும் இல்லை.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டில் காலர் பிரிவில் இருந்தாள். அவருக்கு மூன்று மணிக்கு விழிப்பென்றால் அவளுக்கு இரண்டு மணிக்கு. ஏனென்றால் விசில் அவருடைய தூக்கத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். முதலில் கேட்பவள் அவள். கேட்டுக்கொண்டே இருந்தால் தூங்க முடியாது. திடீரென்று நின்றுபோனால் பயம். எழுந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். இருபத்தாறு வருடமாக இதுதான் அவளுடைய இரவு. ஆளுமை எதுவும் வளரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்ததுதான் மிச்சம்.

"அது வீசிங்ங்க. எங்க யூனிட்ல பட்டன் தைக்கிற பொண்ணுக்கு இதே சத்தம். பம்ப் வச்சிருக்கா, நிம்மதியா தூங்கறா."

"எனக்கென்ன வீசிங். இது சளி."

"இருபத்தாறு வருஷமாவா சளி?"

"நாள்பட்ட சளி."

ஒருநாள் மதியம் மூன்று மணிக்குத் தையல் எந்திரத்தின் மேலேயே கண்ணயர்ந்தாள். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாக இறங்கி அடியில் இருந்த காலரையும் தைத்துவிட்டது. காலர் வீணாகவில்லை, பிரித்துத் தைத்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் ஆறுதல் சொன்னார்.

விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். துணைக்கு வந்தவராக அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணெல்லாம் இவ்வளவு சொருகுதே. ராத்திரி தூங்கறதில்லையாம்மா?"

"இவர் விட்டாத்தானே."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். நான் நாலு மணிக்கு எழுந்துக்கிற ஆள். அதிகாலையில எழுந்தா மனுஷனுக்கு..." வாக்கியம் முடியுமுன் மூச்சு முடிந்துவிட்டது. உள்ளே இழுத்துத் திரும்பவும் விட்டார். கூடவே அது வந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது என்ன சத்தம்?"

"மின்விசிறி" என்றார்.

டாக்டர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. மனைவி கட்டுப் போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு முள் ஏறி நின்றது. இருநூற்றுப் பத்து.

"பாஸ் எவ்வளவு டாக்டர்?"

"உங்க உயரத்துக்கும் வயசுக்கும் ஐநூறாவது வரணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேர்வில் தோற்றவர் போல அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "மூச்சுக்குழாய் எல்லாருக்கும் விடியக்காலம் மூணு நாலு மணிவாக்கில கொஞ்சம் சுருங்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ரொம்பச் சுருங்கும். அதான் அந்த நேரத்துக்குச் சரியா எழுப்பி விட்டுடுது. தூக்கம் கெட்டா மறுநாள் உடம்பு இன்னும் மோசம். இது அதைக் கெடுக்கும், அது இதைக் கெடுக்கும்."

"நான் என் மன உறுதியால..."

"மன உறுதி இல்ல சார். குழாய். நீங்க தண்ணி வாரியம்தானே? அடைப்புன்னா உங்களுக்குத் தெரியாததா?"

மனைவி சிரித்தாள். இருபத்தாறு வருடத்தில் அவர் முன்னால் சத்தமாக அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

காலையும் இரவும் இழுக்க ஒரு பம்ப். மூச்சு திணறினால் இழுக்க இன்னொன்று. இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். முதல் பம்பின் முதுகில் சின்னக் கட்டம் இருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதில் ஒரு எண் குறையும். எதிரில் நின்று இழுக்க வைத்தாள் மனைவி. எண்ணையும் பார்த்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அவர் கண் விழித்தபோது அறையில் வெளிச்சமாக இருந்தது. விளக்கை யார் போட்டார்கள் என்று தேடினார். வெயில். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் மனைவி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சாவி ஞாபகம் வந்தது.

அலுவலக வாசலில் மொத்தப் பேரும் வெயிலில் நின்றார்கள். செயற்பொறியாளர் தன் கார் பானெட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் ஓட்டமும் நடையுமாக வந்து பூட்டைத் திறந்தார். ஓடி வந்தும் இரைக்கவில்லை.

"என்ன நாலுமணி, உடம்பு சரியில்லையா?" என்றார் பொறியாளர்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். இழுப்போடும் வீங்கின கண்ணோடும் வந்த ஆயிரக்கணக்கான காலைகளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகம் தெளிந்திருந்தது, மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினார், அன்றைக்குத்தான் எல்லாருக்கும் கவலை வந்தது.

"இனிமே உங்களைப் பத்தேகால்னு கூப்பிடலாமா சார்?" என்றார் வரைபடக்காரர்.

அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். அடுத்த மூன்று நாளும் அலாரம் வைத்துப் பார்த்தார். அலாரம் நாலு மணிக்கு அடித்து, தானே ஓய்ந்தது. இத்தனை வருடம் கேட்டறியாத சத்தம் என்பதால் உடம்பு அதைப் பொருட்படுத்தவில்லை. நாலாம் நாள் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். புதிதாக நாற்பது பேர் சேருகிறார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பயிற்சி. "வழக்கம்போல நீங்க பேசணும். தலைமையகத்துலேருந்தும் வர்றாங்க. உங்களைப் பத்தி ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கேன்."

அன்று இரவு மருந்தை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால், அழுத்துவதை நிறுத்தவில்லை. கட்டத்தில் எண் குறையாவிட்டால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். பழக்கமாகிவிட்டது, இனி எதிரில் நிற்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பம்பைக் குளியலறைக்கு எடுத்துப்போய் காற்றுத் திறப்பை நோக்கி இரண்டு முறை அழுத்தினார். அங்கே இருந்த பல்லிக்கு ஆஸ்துமா இருந்திருந்தால் பூரணமாகக் குணமாகியிருக்கும். வாய்க்குள் ஒரு துளி மருந்து போகவில்லை. ஆனால் வாய் கொப்பளிக்க ஒருநாளும் தவறவில்லை. ஒழுங்கென்றால் ஒழுங்கு.

ஒரு வாரத்தில் விசில் திரும்பி வந்தது. பத்து நாளில் பழைய பலத்தோடு வந்தது. அவர் மூன்று மணிக்கு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் திரும்பக் கிடைத்த திருப்தியில் இருந்தார். காலை ஆறு மணிக்கு அலுவலகம் திறந்தது. உடம்பு தேறிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, தேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி எண்ணைப் பார்த்தாள். சரியாகக் குறைந்திருந்தது. காதைக் கேட்டாள். அது வேறு சொல்லிற்று. புதன்கிழமை காலை குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். அவர் கையை உயர்த்திப் பல்லிக்குக் குறிவைத்திருந்தார்.

பல்லி நகர்ந்து போயிற்று.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றார் அவர். "பேச்சு முடிஞ்சதும் ஒழுங்கா போட்டுக்கிறேன். எழுந்துக்கவே முடியாம, எழுந்துக்கறதைப் பத்தி எப்படிப் பேசறது? பொய் பேசறதா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"பல்லிக்கு மருந்து குடுக்கறப்போ அது எங்க போச்சு?"

"சும்மா இரு. உனக்கென்ன தெரியும், அங்க என்னை..."

"அடுத்த வருஷம் பேச்சு வராதா? அதுக்கடுத்த வருஷம்?"

அவர் பம்பின் மூடியை மாட்டினார். பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"இதோ பாருங்க" என்றாள். "நீங்க நாலு மணிக்கு எழுந்துக்கங்க. விடிய விடிய உட்கார்ந்து ஊரையே காவல் காத்துக்கங்க. எனக்குத் தூக்கம் வேணும். இத்தனை வருஷம் அது எப்படி இருக்கும்னு தெரியாததால பேசாம இருந்துட்டேன். இப்போ பத்து நாள் தூங்கிட்டேன். ருசி கண்ட பூனை. வெள்ளிக்கிழமை நீங்க பேசுங்க. சனிக்கிழமை நான் எங்க அக்கா வீட்டுல படுத்துக்கறேன். திரும்பி வர்றதைத் தூங்கி எழுந்து யோசிச்சுக்கறேன்."

அன்று மாலையே பெட்டியைக் கீழே இறக்கினாள். துணிக்கு முன்னால் அவள் அதில் வைத்தது தன் தலையணையை.

வெள்ளிக்கிழமை. மேடைக்கு விரிக்கும் கம்பளம் வருடம் முழுவதும் பதிவறை மூலையில் சுருட்டி வைத்திருப்பது. காலை ஆறு மணிக்கு அதை அவரே வெளியே எடுத்துக் கம்பால் அடித்துத் தட்டினார். இம்மாதிரி வேலைகளை வேறு யாரிடமும் விடமாட்டார். பதினோரு மணிக்கு, அதே கம்பளத்தின் மேல் நின்று, மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"அதிகாலை நாலு மணிக்கு எழுகிறவனுக்கு..."

ஒலிபெருக்கியில் விசில் எழுந்தது. மைக்செட்காரர் ஓடிவந்து ஒரு திருகைத் திருகினார்.

"...நாலு மணிக்கு எழுகிறவனுக்கு மூச்சு..."

மறுபடியும் விசில். இந்த முறை நீளமாக. மைக்செட்காரர் கம்பியை உருவிச் சொருகினார். வேறு மைக் வந்தது. அதிலும் அதே கோளாறு.

"...மூச்சு... சீராக... இருக்கும்."

முன்வரிசையில் இருந்த நாற்பது பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். தலைமையகத்திலிருந்து வந்தவர் தலையசைத்தார். அடுத்த வாக்கியம் வரவில்லை. அவர் மேஜையின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, தோள்கள் காதுவரை ஏற, மீன்போல வாயைத் திறந்தார். உணர்ச்சி மிகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். உதடு நீலமானதைக் கவனித்தவர் வரைபடக்காரர் ஒருவர்தான். "யோவ், கைதட்டறதை நிறுத்துங்கய்யா, ஆளைப் பாருங்க" என்று மேடைக்கு ஓடியவரும் அவர்தான். அவரே தூக்கி ஜீப்பில் போட்டார்.

மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அவள் விரலுக்குக் கட்டுப் போட்ட அதே டாக்டர் பக்கத்தில் நிற்க, அவருக்கு முகமூடி மாட்டிப் புகைபோல மருந்து போய்க்கொண்டிருந்தது. அவள் தோளில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. பெட்டியை அக்கா வீட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தனுப்பியாயிற்று. அதை அவரிடம் சொன்னாள். அவர் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல முயன்றார். கையைப் பிடித்துக்கொண்டார். கட்டுப் போட்ட விரல் அது. அவள் வலியில் முகம் சுளித்தாள், கையை உருவிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் செயற்பொறியாளர் உள்ளே வந்தார். கூடவே தலைமையகத்துக்காரர்.

"இந்த மனுஷன் மாதிரி யாரும்மா இருப்பாங்க? இந்த உடம்போட தினம் நாலு மணிக்கு எழுந்து... டாக்டர், இவருக்கு என்ன? வேலைப் பளுதானே?"

டாக்டர் வாயைத் திறந்தார். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மனைவியைப் பார்த்தன. நாற்பது பேரும், நூலும், பட்டமும், சாவியும் அந்தக் கண்களில் இருந்தன. இதுவரை யாரையும் கெஞ்சியறியாத கண்கள்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். கருணையினால் அல்ல. இதைவிட நல்ல தருணம் அவளுக்கு வாய்க்கப்போவதில்லை.

"டாக்டர் சொல்லிட்டாங்க சார்" என்றாள். "நாலு மணிக்கு எழுந்ததும் இவர் இனி வெளியில வரக்கூடாதாம். வீட்டுலயே மூச்சுத் தியானம் பண்ணணுமாம். ஒன்பது மணி வரைக்கும்."

"அஞ்சு மணி நேரமா!" என்றார் பொறியாளர். குரல் தானாகத் தணிந்துவிட்டது.

"கண்ணைத் திறக்காம."

டாக்டர் அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்து, "மருந்தோட சேர்த்துத்தான்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போனதும் மனைவி குனிந்து காதருகே சொன்னாள். "பம்ப் வாய்க்குள்ள போற வரைக்கும் இது தியானம். பல்லிக்குப் போச்சுன்னா, மைக்ல வந்து நானே உண்மையைச் சொல்லுவேன்."

அவர் தலையாட்டினார். மாலையில் அக்கா வீட்டிலிருந்து பெட்டி திரும்பியது.

சாவி காவலாளிக்குப் போயிற்று. அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டான். நாலுமணி சார் ஒன்பதே முக்காலுக்கு, சிவந்து தெளிந்த முகத்தோடு வருவார். அந்தத் தெளிவைப் பார்த்து மூன்று பேர் தியானம் பழக ஆரம்பித்தார்கள். மனசாட்சியைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நூல் இரண்டாம் பதிப்பு கண்டது. 'மூச்சே முதல்' என்று புது அத்தியாயம் சேர்ந்தது. பம்பைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பதிவறையில் மட்டும் மூக்கையும் வாயையும் மறைக்கும் துணி கட்டிக்கொண்டார். அதையும் ஏதோ விரதம் என்றார்கள்.

வரைபடக்காரர் ஒருநாள் அவர் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"தியானம் பண்ணினா கன்னத்துல தலையணை மடிப்பு விழுமா சார்?"

"ஆழமாப் போனா விழும்" என்றார்.

சில மாதம் கழித்து ஒருநாள், காலை ஐந்தரைக்கு அவர் போன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. மனைவி கையை நீட்டி எடுத்தாள். செயற்பொறியாளர். கடைத்தெருவில் பெருங்குழாய் வெடித்துவிட்டது. அடைக்க வேண்டிய வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கோப்பு, எந்த அடுக்கு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். ஒற்றைத் தலையணையில், சத்தமே இல்லாமல், சீராக மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. எழுப்பினால் இவள் எழ வேண்டும். விளக்குப் போட வேண்டும். கண்ணாடி தேட வேண்டும்.

"தியானத்துல இருக்கார் சார்" என்றாள்.

"ஐயோ, கலைச்சிடாதீங்கம்மா. வேண்டாம், வேண்டாம்." பொறியாளர் கிசுகிசுத்தார். போனை வைப்பதைக்கூட மெதுவாக வைத்தார்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். கடைத்தெருவில் ஒன்பதே முக்கால் வரை முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது.